பலவேசத்தின் இடது கால்

ஜூன் 3, திங்கள்

இன்று காலை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இனிமேல் பேன்ட்டை உட்கார்ந்தபடியே போடுவது என்று முடிவெடுத்தேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து காக்கி பேன்ட்டை நின்றபடி, ஒற்றைக் காலில், சுவரைத் தொடாமல் அணிந்து வந்தவன் நான். பேரரசுகள் தலைநகரை மாற்றியபோது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். முதலில் யாருக்கும் நம்பிக்கை வராது, பிறகு பழகிவிடும். கட்டில் விளிம்பில் அமர்ந்து வலது காலை முதலில் நுழைத்தேன், பிறகு இடது. உயிர்ச்சேதம் இல்லை. முடிவை மனைவி எஸ்தரிடம் முறைப்படி அறிவித்தேன்.

"சரி, வரும்போது அந்தச் சட்னிக் கிண்ணத்த எடுத்துட்டு வாங்க" என்றாள்.

வலி இடுப்பின் வலப்பக்கம் தொடங்கி, தொடையின் பின்புறம் இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கமாகப் பாதத்தை அடைகிறது. வழியில் எல்லா நிறுத்தத்திலும் நின்று ஆள் ஏற்றிக்கொள்கிறது. இந்த நாட்குறிப்பும் எஸ்தரின் யோசனைதான். "என்கிட்ட புலம்புததை எல்லாம் இதுல எழுதுங்க, எனக்குக் காது வலிக்கி" என்று, சபையில் கொடுத்த டைரியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 5, புதன்

ஊசிப்பாறை எஸ்டேட் வண்டி என்னுடையது. அரசுக்குச் சொந்தம் என்று பக்கவாட்டில் எழுதியிருக்கிறார்கள். அது ஒரு கருத்து. காலையில் மலை ஏறி, மாலையில் இறங்குகிறது. எஸ்டேட் ஜனங்களுக்கு வேறு வண்டி கிடையாது. ஏறும்போது வண்டி இன்ஜினை நம்புகிறது. இறங்கும்போது என் வலது காலை நம்புகிறது. இதை யாரும் டிக்கெட்டில் அச்சிடுவதில்லை.

நடத்துநர் பலவேசம். என்னைவிட வயதில் இளையவன், பேச்சில் மூத்தவன். இன்று நான் படியிறங்க நேரமானதைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, எறங்குதீயளா, இல்ல எறங்குதத பத்தி யோசிக்கியளா?" என்று கேட்டான். இரண்டும்தான்.

ஜூன் 8, சனி

கீழரத வீதியில், அரிசிக்கடை மாடியில் பிசியோதெரபி நிலையம். நடத்துவது நஸ்ரின் என்ற இளம்பெண். இடுப்பு வலிக்காரர்கள் மாடி ஏற வேண்டும் என்பதே முதல் சிகிச்சை போலிருக்கிறது. பாதிப் பேர் படியிலேயே குணமாகித் திரும்பியிருப்பார்கள்.

மல்லாந்து படுக்கச் சொல்லி, வலது காலை மடக்காமல் மேலே தூக்கினாள். அரைவாசிக்கு மேல் போவதற்குள் நான் ஆண்டவரை அழைத்தேன். "சயாட்டிகா அங்கிள். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துது" என்றாள். காலின் பெருவிரலை மேல்நோக்கி நிமிர்த்தச் சொன்னாள். நிமிர்த்தினேன்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"அரசாங்க உத்தியோகம். உட்கார்ந்து பார்க்கிற வேலை."

"நடுவுல நடுவுல எந்திரிச்சு கொஞ்சம் நடங்க."

"எழுந்தால் கேள்வி கேட்பார்கள்."

"கேக்கட்டும். உடம்பு உங்களோடது" என்றாள். நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

இடுப்பில் பட்டைகளை ஒட்டி மின்சாரம் வைத்தாள். எறும்புகள் வரிசையாகப் போவது போலிருந்தது. வீட்டில் செய்ய ஒரு பயிற்சி: கவிழ்ந்து படுத்து, இடுப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு, கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்த வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

கவிழ்ந்து படுத்து நெஞ்சை உயர்த்தினேன். வாசலில் நின்ற கேபிள்காரர், "யாரையும் தேடுதீயளா சார்?" என்று கேட்டார்.

ஜூன் 14, வெள்ளி

நஸ்ரின் ஒரு விதி சொன்னாள். வலி காலிலிருந்து மேலே ஏறி இடுப்புக்கு வந்து தங்கினால் நல்லது, நரம்பு விடுபடுகிறது. வலி போய்விட்டு அந்த இடம் மரத்துப்போனால் கெட்டது. "அப்படி ஏதாவது இருந்தா உடனே வரணும் அங்கிள். பயிற்சியால சரி பண்ற கட்டம் தாண்டிருச்சுன்னு அர்த்தம். ஸ்கேன் எடுத்து ஆபரேஷன் வரைக்கும் போகலாம்." விதி எளிமையானது. மறக்க வாய்ப்பில்லை.

எஸ்தர் பணிமனையில் சொல்லி லைட் டூட்டி வாங்கச் சொல்கிறாள். லைட் டூட்டி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. பணிமனை வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கும். செல்லையா அண்ணாச்சி அதில் உட்கார்ந்து வெளியே போகும் வண்டிகளின் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். எனக்கு முன்பு ஊசிப்பாறை வண்டி ஓட்டியவர் அவர். வாசல் திருப்பத்தில் எந்த வண்டி வேகமாக வந்தாலும், ஸ்டூலில் இருந்தபடியே வலது காலால் தரையை அழுத்துகிறார். எல்லோரும் பார்த்தும் பாராதது போல் இருப்போம்.

ஜூன் 19, புதன்

கடைசி வளைவில் பிரேக் மிதிக்கும்போது வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. பலவேசம் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். அடிவாரத்தில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கப்பிடாது. நான் கால் முன்னால வந்து பொறந்தவன்."

விஷயம் எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தலைக்குப் பதில் கால் முதலில் வெளிவந்து பிறந்தவர்கள் இடது காலால் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும். பலவேசத்தின் தெருவில் சிறுவயதிலிருந்தே அவனைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வார்களாம். கல்யாண வீடுகளில் சமையல்காரர்களுக்கு அவன் தனியாகவே தேவைப்பட்டிருக்கிறான்.

"நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை, தெரியும்லா?" என்றேன்.

"நீங்க நம்பாண்டாம். முதுகு நம்பினா போதும்."

ஜூன் 20, வியாழன்

டயர் ஷெட்டுக்குப் பின்னால், சாக்கு விரித்துக் கவிழ்ந்து படுத்தேன். ஆய்வு மனப்பான்மையோடுதான் படுத்தேன் என்று பலவேசத்திடம் தெளிவுபடுத்தினேன். அவன் செருப்பைக் கழற்றி, குழாயில் கால் கழுவி, கிழக்கே பார்த்து நின்று, இடது பாதத்தால் இடுப்பில் மெல்ல மூன்று முறை தடவினான். கடைசியில் ஒரு மிதி. எனக்கு உச்சந்தலை வரை வெளிச்சம் தெரிந்தது.

"விட்டுச்சா?"

"எதை?"

"அப்ப நாளைக்கும் மிதிப்போம்."

ஜூன் 25, செவ்வாய்

வலி இல்லை.

எழுதிவிட்டுத் திரும்பவும் எழுந்து நடந்து பார்த்தேன். இல்லை. பேன்ட்டை நின்றபடி போட முயன்றேன். வலது காலைத் தூக்கும்போது பாதம் துணியில் சிக்கியது. துணி மட்டமான துணி. பலவேசத்திடம் சொன்னதும் அவன் முகத்தில் வந்த களையைப் பார்க்க வேண்டுமே. புதிதாகப் பட்டம் கட்டிய இளவரசன் மாதிரி டிக்கெட் கிழித்தான்.

பிசியோவுக்குப் போகவில்லை. குணமான ஆள் மருத்துவரின் நேரத்தை வீணாக்குவது முறையல்ல.

மாலையில் எஸ்தர் வாசலில் நின்று, "ஒரு செருப்ப எங்க விட்டீங்க?" என்று கேட்டாள். வலது காலில் செருப்பு இல்லை. தெருமுனையில், பால் பூத் அருகே கிடந்தது. அங்கிருந்து வீடு வரை வெறுங்காலில் நடந்திருக்கிறேன். மழைக்காலத்தில் செருப்பு வழுக்கும்.

ஜூலை 1, திங்கள்

மலையில் நல்ல மழை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்குக்குக் கொண்டுபோகும்போது ஷூவின் முனை பிரேக்கின் விளிம்பில் தட்டியது. இந்த வண்டியில் பெடல் சற்று உயரம். பணிமனை மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு எல்லா வண்டியிலும் இதே உயரம்தான் என்றார். அவர் படித்த காலம் வேறு.

தொடையிலிருந்தே காலை மொத்தமாகத் தூக்கி வைத்தால் தட்டுவதில்லை. புதிய முறை. பழகிவிடும்.

ஜூலை 4, வியாழன்

நான் குணமானதைக் கேள்விப்பட்டு டயர் ஷெட்டுக்குப் பின்னால் கூட்டம். இரண்டு ஓட்டுநர், ஒரு நடத்துநர், கேன்டீன் மாஸ்டர். பலவேசம் வரிசையில் வரச் சொல்கிறான். அரசு வண்டியில் என்றுமே அமையாத வரிசை அங்கே அமைந்தது. "அண்ணாச்சியப் பாருங்க, என்னா நடை!" என்று என்னைக் காட்டி விளம்பரம் செய்கிறான். நான் நடந்து காட்டவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

எஸ்தர் இரவு உப்பு நீரில் என் பாதத்தை வைக்கச் சொன்னாள். நீர் சூடாக இருக்கிறதா என்று கேட்டாள். இடது காலை வைத்துப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

சில நாட்களாகவே பலவேசம் கேட்டுக்கொண்டிருந்தான். "அந்தப் பிள்ளைய நான் ஒருக்கா பாக்கணும் அண்ணாச்சி. ரெண்டு பேரும் ஒரே தொழில். அறிமுகம் இல்லாம இருக்கலாமா?" நேற்று நஸ்ரினே தொலைபேசியில் கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாள். இன்று மாலை வண்டியை விட்டதும் இருவரும் காக்கிச் சட்டையோடே போனோம். மாடிப்படியில் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் என் வலது பாதம் இடித்தது. பின்னால் வந்த பலவேசம் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

நஸ்ரின் என் உடையைப் பார்த்தாள். பலவேசத்தின் தோல்பையைப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்க டிரைவரா?"

"உட்கார்ந்து பார்க்கிற வேலைதான்" என்றேன்.

"ஊசிப்பாறை வண்டி டாக்டரம்மா" என்றான் பலவேசம். "அண்ணாச்சி மாதிரி மலை எறக்க இந்தச் சீமையில ஆள் கிடையாது. நான் கண்டக்டரு. நீங்க கரண்டு வச்சீய, நான் காலு வச்சேன். எப்படியோ நம்ம ரெண்டு பேரும் சேந்து சரியாக்கிட்டோம்."

அவள் சிரிக்கவில்லை. படுக்கச் சொன்னாள். மரப்பு எங்கெங்கே என்று கேட்டாள். சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டாள். அது இல்லை. இடது பெருவிரல் மேல் தன் விரலை வைத்து, "தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். பிறகு வலது.

"இவ்வளவு பலமாக அழுத்தினால் எப்படித் தள்ளுவது?" என்றேன்.

"நான் அழுத்தவே இல்ல அங்கிள். சும்மா வச்சிருக்கேன்."

எழுந்து குதிகாலில் நடக்கச் சொன்னாள். இடது பாதம் நிமிர்ந்து நின்றது. வலது பாதம் ஒவ்வொரு அடியிலும் தரையில் டப்பென்று விழுந்தது. அந்த அறைக்குச் சத்தம் சற்று அதிகம்தான்.

"வலி போயிட்டேம்மா!" என்றான் பலவேசம். "அவரே சொன்னாருல்லா!"

"வலி போனதுதான் அண்ணே பயம். வலியச் சொல்ற நரம்பே செத்துட்டு வருது." என் பக்கம் திரும்பினாள். "ஆக்சிலேட்டர்ல இருந்து பிரேக்குக்கு எப்படிக் காலை மாத்துறீங்க?"

"தொடையால்."

"இந்த மழையில? வளைவுல?"

கழற்றி வைத்த ஷூவை மாட்டத் தொடங்கினேன்.

"நாளைக்கு வண்டி எடுக்கக் கூடாது. டிப்போல சொல்லிட்டு நேரா ஸ்கேனுக்குப் போங்க. இத்தனை நாள் எடுத்ததே… எங்க பெரியம்மா அந்த வண்டியிலதான் எஸ்டேட் ஸ்கூலுக்குப் போறாங்க அங்கிள்."

பலவேசம் தன் இடது காலை, உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டான். படியிறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மிதிச்சதுல ஆயிருக்குமோ அண்ணாச்சி?" என்று கேட்டான். அதை நஸ்ரினிடம் கேட்டிருக்கலாம். தெருவில் திரும்பவும் கேட்டான், வேறொன்றை: "காலையில சொல்லிருவீயல்லா?"

"சொல்லிருவேன்" என்றேன்.

ஜூலை 10, புதன்

சொல்ல வேண்டிய வாக்கியத்தை வீட்டிலேயே தயாரித்துக் கொண்டுபோனேன். குறையில்லாத வாக்கியம். கிளை மேலாளர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் செல்லையா அண்ணாச்சி ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டு வண்டியில் ஏறினேன். மழை விட்டிருந்தது. இன்று ஒரு நாள் ஏற்றிவிட்டு, மாலையில் இறக்கிவிட்டு, பிறகு சொல்வதே நிர்வாகத்துக்கும் வசதி.

பேருந்து நிலையத்தில் கூட்டம் ஏறியது. பலவேசம் எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்தான். நேரம் ஆனது. இன்ஜினை முடுக்கினேன். விசில் வரவில்லை.

நடத்துநர் இரட்டை விசில் கொடுக்காமல் வண்டி நகராது. கண்ணாடியில் பார்த்தேன். பின்படியில் நின்றிருந்தான். விசில் கையில் இருந்தது.

"ஏய் பலவேசம், ரைட் குடு!"

கொடுக்கவில்லை. ஜனங்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். தேயிலைக் கூடையோடு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள், "எப்பா கண்டக்டரு, நீ ஊதுதியா, இல்ல நான் வந்து ஊதட்டா? வீட்டுல அடுப்பு ஊதுதவ நான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பலவேசம் இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு என் ஜன்னலுக்குக் கீழே வந்தான்.

"எறங்குங்க அண்ணாச்சி."

"இன்று ஒரு நாள்லே."

"நேத்து பாத்தேன்லா. அந்தக் காலு விழுந்த சத்தம் ராத்திரி பூரா கேட்டுச்சு. நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களா எறங்குங்க."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். அவனும் அங்கேயே நின்றான். நேரக் கண்காணிப்பாளர் வந்தார். அவரால் ஆகாமல் பணிமனையிலிருந்து கிளை மேலாளரும் வந்தார்.

"என்னய்யா பிரச்சினை? வண்டியிலயா, டிரைவருக்கா?"

"எனக்குத்தான் சார்" என்றான் பலவேசம். "விசில் அடிக்க மனசு வரல."

"மனசு வரலையா? நீ என்ன கச்சேரிக்கா வந்திருக்க?"

ஓட்டுநர் இருக்கையில் நான் தயாராக இருந்ததை மேலாளர் கவனித்துக்கொண்டார். வேறு நடத்துநரைக் கூப்பிட்டு ஏறச் சொன்னார். புதியவன் ஏறிய கையோடு இரட்டை விசில் கொடுத்தான். நல்ல விசில். வலது காலைத் தூக்கி ஆக்சிலேட்டரில் வைத்தேன். வைத்தேனா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கூடைக்கார அம்மாள் என்னோடு சேர்ந்து குனிந்து பார்த்தாள். "எதும் விழுந்துட்டா?" என்றாள்.

இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன். வயிற்றுப்போக்கு என்று மேலாளரிடம் சொன்னேன். அதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஜூலை 11, வியாழன்

ஸ்கேன். பெரிய சத்தம். அசையக் கூடாது என்றார்கள், அசையவில்லை.

ஜூலை 20, சனி

அறுவைச் சிகிச்சை நேற்று முடிந்தது. பிதுங்கியதை எடுத்துவிட்டார்கள். பலவேசத்தின் மிதி காரணமா என்று மருத்துவரிடம் எஸ்தர் கேட்டாள். உதவியிருக்காது என்றார். மற்றபடி, அழுந்திய நாட்கள் அதிகம், பாதம் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

ஜூலை 23, செவ்வாய்

பலவேசம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். கட்டிலுக்கு எட்டத்தில் நின்றான்.

"கிட்ட வாலே."

"எதுக்கு, கால் படவா?" என்றான். பிறகு, "நான் எல்லாரையும் நிப்பாட்டிட்டேன் அண்ணாச்சி. கேன்டீன் மாஸ்டரு கெஞ்சுதாரு. போவே, போய் டாக்டரப் பாருன்னுட்டேன்."

அவனைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருக்கிறார்கள். பயணிகள் ஏறிய வண்டியைக் கிளம்பவிடாமல் நிறுத்தி, நிர்வாகத்துக்கு அவப்பெயர் உண்டாக்கியதாகக் குற்றச்சாட்டு. விசாரணை வரும்.

"நான் வந்து சொல்கிறேன்" என்றேன்.

"என்னத்தச் சொல்லுவீய? உணர்ச்சி இல்லாத காலோட மலையில வண்டி ஓட்டினேன்னா? உங்க வேலை போவும், பென்ஷன் போவும். எனக்கு எப்படியும் ஒரு தண்டனை உண்டு. ரெண்டு வீட்டுல எதுக்கு ஒப்பாரி?"

அவன் வாதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் தேடினேன்.

எஸ்தர் ஆப்பிளை நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு, "உங்களுக்குச் சம்மதந்தானா?" என்றாள். தலையணையைச் சற்று உயர்த்தி வைக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 14, புதன்

நஸ்ரின் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறாள். துண்டின் நடுவில் பாதத்தை வைத்து, இரு முனைகளையும் பிடித்து இழுக்க வேண்டும். பெருவிரலைப் பார்த்து, நிமிர் என்று மனதுக்குள் ஆணையிட வேண்டும். ஆணைகள் போகின்றன. பதில் வருவதில்லை. இன்று லேசாக ஒரு துடிப்பு. நஸ்ரின் கைதட்டினாள். "டிப்போல அப்பவே சொன்னது நல்லதாப் போச்சு அங்கிள்" என்றாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

விசாரணை. பாதத்துக்குப் பட்டை கட்டி, கைத்தடியோடு போனேன். முதுகுக்காக அறுவைச் சிகிச்சை என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது தொடங்கியது என்று யாரும் கேட்கவில்லை. விசாரணை அதிகாரி வெளியூர்க்காரர், மரியாதையானவர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பலவேசம் நின்றுகொண்டிருந்தான்.

"சம்பவத்தன்று வண்டியில் ஏதாவது கோளாறு இருந்ததா? ஓட்டுநர் என்ற முறையில் உங்களுக்கு ஏதாவது சிரமம் இருந்ததா?"

"வண்டியில் கோளாறு எதுவும் இல்லை" என்றேன்.

இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குத்தான் பதில் வந்திருக்கிறது என்பதை அவர் கவனிக்கவில்லை. பலவேசம் கவனித்தான். தலையைக் குனிந்துகொண்டான், சிரித்தானா என்று தெரியவில்லை.

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

மின்விசிறி நன்றாகச் சுழன்றது. விரும்பவில்லை என்றேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

லைட் டூட்டியில் சேர்ந்தேன். செல்லையா அண்ணாச்சி ஓய்வு பெற்றுவிட்டதால் ஸ்டூல் காலியாக இருந்தது. வண்டி எண்களைக் குறிப்பதோடு, தலைமை அலுவலகத்திலிருந்து வரும் ஆணைகளை அறிவிப்புப் பலகையில் போடுவதும் இந்த வேலையில் சேர்ந்தது. இன்று ஒன்றுதான் வந்தது. நடத்துநர் பலவேசத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஊதிய உயர்வு நிறுத்தம். கடற்கரைப் பக்கத்துக் கிளை ஒன்றுக்கு மாற்றம். பசை தீர்ந்திருந்தது. நான்கு மூலையிலும் குண்டூசி குத்தினேன்.